கோடிக்குழகர் காட்டில் குடும்பத்தோடு ஒரு நடை

திருவாரூரிலிருந்து புறப்பட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள், தம் தோழர் சேரமான் பெருமாளோடு நாகைக் காரோணத்தை வணங்கினார், திருமறைக்காட்டை வணங்கினார், அகத்தியான்பள்ளியை வணங்கினார். அதற்கும் தெற்கே, நிலம் முடிந்து கடல் தொடங்கும் முனைக்கு அருகில் ஒரு கோயில் இருந்தது. சுற்றிலும் அடர்ந்த காடு. அருகில் குடிகள் இல்லை. கடற்காற்று வந்து மோதும் அந்த இடத்தில் இறைவன் தன்னந்தனியே வீற்றிருப்பதைக் கண்டபோது, தம்பிரான் தோழரின் கண்கள் கலங்கின.

மற்றத் தலங்களிலெல்லாம் பொன்னும் பொருளும் கேட்டவர் அவர். பரவையாரிடத்துத் தூது போகச் சொல்லி இறைவனையே தெருவில் நடக்க வைத்தவர். கோடிக்கரையில் மட்டும் அவர் தமக்காக எதையும் கேட்கவில்லை. இந்தக் காட்டில் உமக்கு யார் துணை என்று இறைவனைப் பார்த்துக் கேட்டார். ஆந்தையும் கூகையும் அலறும் இடமாயிற்றே, சுற்றிலும் இருப்பவர் வேடராயிற்றே என்று வருந்தினார். ஒற்றியூர் என்பதற்கு அடகு வைத்த ஊர் என்றும் பொருள்படுமே, அந்தக் குறையினாலா இங்கே வந்துவிட்டீர், ஆரூரையும் விட்டு அகன்றீரோ என்று நண்பனை உரிமையோடு கடிந்துகொள்ளும் குரலில் வினவினார். ஏழாம் திருமுறையில் உள்ள அந்தப் பதிகம் முழுவதும் இந்த ஒரே கவலைதான்.

காவிரித் தென்கரையில் பாடல் பெற்ற தலங்கள் 127. அவற்றுள் கடைசியாக எண்ணப்படுவது இந்தக் கோடி. இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டரை ஒட்டிய தொலைவில் கோடியக்காடு என்ற ஊரும், அதைக் கடந்து கடலோரத்தில் கோடியக்கரை என்ற மீனவர் ஊரும் உள்ளன. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இங்கே கூட்டம் அலைமோதும். ஆதிசேது எனப் போற்றப்படும் கடலில் நீராடி, முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்துவிட்டு, அடுத்த பேருந்தைப் பிடிக்க விரைபவர்களே அதிகம். வழியில் சாலையை ஒட்டியே குழகர் இருக்கிறார். சுந்தரர் கேட்ட கேள்வி, ஆண்டின் மற்ற நாள்களில் இன்னும் பாதிக்குமேல் பொருந்தவே செய்கிறது.

ஆகவே, அமாவாசை அல்லாத ஒரு நாளில், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, இரண்டு நாள் ஓய்வாகத் தங்கி, கூடுமானவரை கால்நடையாகவே இந்தத் திருத்தலங்களையும் காட்டையும் கடற்கரையையும் சுற்றி வருவது சிறந்தது. மார்கழி பிற்பகுதி முதல் மாசி வரை ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு. சித்திரை வெயிலைக் குழந்தைகள் தாங்கார்.

மறைக்காட்டில் தொடங்கும் நடை

முதல் நாளை வேதாரண்யத்தில் தொடங்குவதே முறை. திருமறைக்காடு என்பது இவ்வூரின் பழம்பெயர். வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவை, அப்பர் பெருமான் பதிகம் பாடித் திறந்ததும், திருஞானசம்பந்தர் பாடி மீண்டும் அடைத்ததும் அன்பர்கள் அறிந்தவையே. அப்பர் பதிகம் முழுவதும் பாடி, இறுதியில் இரக்கமில்லையா என்று கேட்ட பிறகே கதவு திறந்தது. சம்பந்தர் ஒரு பாடல் பாடியதுமே அது அடைத்துக்கொண்டது. பெரியவர் மனம் அதனால் வாடியது என்பதையும் சேர்த்துச் சொன்னால், குழந்தைகளுக்கு அந்த வாயில் வெறும் கதவாகத் தோன்றாது.

பிள்ளைகளின் மனத்தில் எளிதில் பதிவது எலியின் கதை. அணையப்போகும் திருவிளக்கில் நெய்யுண்ண வந்த எலி, தற்செயலாகத் திரியைத் தூண்டிவிட, விளக்கு சுடர்விட்டு எரிந்தது. தன்னையறியாமல் செய்த அந்தத் தொண்டுக்காக அது மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. வேதாரண்யம் விளக்கழகு என்று வழங்கும் சொல்லையும் இங்கே நினைவூட்டலாம். அம்பிகையின் திருநாமம் யாழைப் பழித்த மொழியாள். அவள் குரலுக்கு முன் தன் வீணை எம்மாத்திரம் என்று நாணிய கலைமகள், இத்தலத்தில் வீணையில்லாமல் காட்சி தருகிறாள். ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்றான இங்கே தியாகேசர் புவனி விடங்கராக, அம்சபாத நடனம் ஆடுகிறார். இராமபிரானைத் தொடர்ந்து வந்த வீரஹத்தியை விரட்டியவர் என்ற பெயரோடு வீரஹத்தி விநாயகர் எழுந்தருளியிருக்கிறார். அவரை வணங்கிவிட்டுக் கிளம்புவது நல்லது; மறுநாள் காட்டில் காணப்போகும் இடத்துக்கும் இராமகாதைக்கும் தொடர்புண்டு.

கோயிலிலிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் சன்னதிக் கடல். சிறு பிள்ளைகளும் சலிப்பின்றி நடக்கக்கூடிய தொலைவே. திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் பிறந்த ஊர் இது என்பதை நடக்கும்போதே சொல்லிக்கொண்டு போகலாம். காலை இளவெயிலில் இந்தக் கரையில் அலை பெரிதாக எழுவதில்லை. சேறு கலந்த, ஆழம் குறைந்த கடல். நீராடும் துறையில் பெரியவர் கையைப் பிடித்து நிற்பதோடு பிள்ளைகளை நிறுத்திக்கொள்வதே நன்று.

உப்பு விளையும் வெளி

மாலையில் அகத்தியான்பள்ளி. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை செல்லும் சாலையில் உள்ளது. கயிலையில் நடந்த இறைவன் திருமணத்தை அகத்தியருக்குத் தென்திசையில் காட்டியருளிய தலங்களுள் இதுவும் ஒன்று. சம்பந்தர் பாடல் பெற்றது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் ரயில் பாதையும் இங்கேதான் முடிகிறது. மீட்டர் கேஜ் காலத்தில் ஓடிப் பின் நின்றுபோன அந்த வண்டி, 37 கிலோமீட்டர் பாதை அகலப்படுத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு மீண்டும் வந்தது. பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு இது பேருதவி.

கோயிலைச் சுற்றியுள்ள வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளங்கள். தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது இப்பகுதியில்தான். நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, படியும் உப்பை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். குவித்து வைத்த உப்பைக் கீற்று வேய்ந்து காக்க வேண்டும். வெறுங்காலோடு உப்பு நீரில் நாளெல்லாம் நிற்பவர்களின் பாதங்களைப் பிள்ளைகள் ஒருமுறை பார்ப்பது தவறில்லை. வரப்பின்மேல் நடக்கும்போது பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது ஒருவருடைய பல நாள் உழைப்பு.

இந்த வெளியிலேதான் 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று விடியற்காலையில் இராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு புறப்பட்டு, 150 மைல் நடந்து வந்தவர் அவர். தொண்டர்களுக்கு உணவும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் எச்சரித்திருந்தார். வழியோர மக்கள், கொடுத்தவர் யாரென்று தெரியாதபடி, சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்களுக்கு ஆதரவாக நின்றார். வைரப்பன் என்ற நாவிதர், தாம் சவரம் செய்துகொண்டிருப்பது ஒரு காவலருக்கு என்று அறிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டுச் சிறைக்குப் போனார். பாதி மழித்த முகத்தோடு எழுந்து நின்ற காவலரை எண்ணிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அகத்தியான்பள்ளியில் நிற்கும் நினைவுத் தூணருகே அந்தச் சிரிப்பு ஒன்றும் அவமரியாதை அல்ல.

காட்டுக்குள்

இரண்டாம் நாள் விடியுமுன்பே புறப்பட வேண்டும். காட்டு உயிர்கள் வெயிலுக்கு முன் வெளியே வரும்; பிறகு நிழலைத் தேடிப் போய்விடும்.

கோடியக்கரைக் காடு 1967-ஆம் ஆண்டு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் இக்காடும் இதை ஒட்டிய சதுப்பு நிலங்களும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. வனத்துறைச் சாவடியில் நுழைவுச்சீட்டும் அனுமதியும் பெற்று, அவர்கள் காட்டும் பாதையில் மட்டுமே செல்ல வேண்டும். பாதையை விட்டு விலகினால் முள் குத்தும் என்பது மட்டும் காரணமல்ல; புதருக்குள் மான் குட்டி ஈன்றிருக்கலாம், தரையில் பறவை முட்டையிட்டிருக்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் ஏமாற்றமாகத் தோன்றும். வானளாவும் மரங்கள் இங்கே இல்லை. கடற்காற்றுக்கு வளைந்து கொடுத்து வளர்ந்த பாலை மரங்களும், காரை, சூரை, களா போன்ற புதர்களுமே மிகுதி. ஆயினும் கோடையிலும் பச்சை மாறாத காடு இது. சோழமண்டலக் கரை நெடுகிலும் ஒரு காலத்தில் பரவியிருந்த இவ்வகைக் காடு இன்று பெரும்பாலும் கோயில்களைச் சுற்றிய காடுகளாகச் சிறு சிறு துண்டுகளாகவே எஞ்சியுள்ளது. கோடியக்கரையில் மட்டும் அது இன்னும் பரந்து நிற்கிறது. பாலை மரம் கோடையில் மஞ்சள் நிறத்தில் சிறு பழம் தரும். தின்றால் இனிக்கும்; அதன் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பருவத்தில் வருகிறவர்கள் ஊர்ச் சந்தையில் வாங்கித் தின்னலாமேயன்றிக் காட்டில் பறிப்பது கூடாது. பறவைக்கும் நரிக்கும் உரிய உணவு அது.

காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் வெளிமான்கள் மேயும். ஆண் மான் முதுகு கருத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய நீண்ட கொம்புகளோடு நிற்கும். பெண் மானுக்குக் கொம்பில்லை, நிறம் இளம் பழுப்பு. அடர்ந்த காட்டை விட்டுத் திறந்த வெளியில் வாழ்வதாலேயே இதற்கு அப்பெயர். கண்டதும் பிள்ளைகள் கத்தினால், அடுத்த கணம் புல்வெளி வெறுமையாகிவிடும். சத்தம் போடாதே என்று பத்து முறை வீட்டில் சொல்லியும் கேளாத பிள்ளை, ஒருமுறை மான் ஓடிப்போனதும் தானே வாயைப் பொத்திக்கொள்ளும். புள்ளிமான், நரி, முயல் ஆகியவையும் உண்டு. யாருக்கும் உரிமையில்லாமல் கூட்டமாகத் திரியும் மட்டக்குதிரைகளைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். எப்போதோ வளர்ப்புக் குதிரையாக இருந்து, கைவிடப்பட்டுக் காட்டுக்குதிரையானவற்றின் வழி வந்தவை அவை.

குரங்குகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அனுமன் என்று கும்பிட்டுப் பொரியும் வாழைப்பழமும் நீட்டும் வழக்கம் பக்தர்களிடம் உண்டு. எண்ணம் நல்லதே. ஆனால் சாலையோரத்தில் கையேந்தப் பழகிய குரங்கு காட்டில் பழம் தேடி அலைவதை விட்டுவிடுகிறது, வண்டியில் அடிபடுகிறது, கொடுக்காதவரைக் கடிக்கிறது. பாலைப் பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் போட்டு மரத்தைப் பரப்ப வேண்டிய உயிர் அது. அனுமனுக்குச் செய்ய நினைப்பதை வேதாரண்யத்துக் கோயிலில் ஒரு நெய்விளக்காக ஏற்றிவிடுவது எவ்வளவோ மேல்.

பாதையின் ஓரிடத்தில் மணல்மேடு சற்றே உயர்கிறது. உயரம் என்றால் சில அடிகள்தான். ஆனால் சமதரையான இந்தக் காட்டில் அதுவே சிகரம். அதன் உச்சியில் சிறு மண்டபத்தில் கல்லில் பதிந்த இரண்டு திருவடிகள். இராமர் பாதம் என்பர். இலங்கை செல்லும் வழியை நாடி வந்த பெருமான் இந்த மேட்டில் நின்று தெற்கே கடலைப் பார்த்தார் என்பது தலத்து வழக்கு. இலங்கை இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. மரங்களின் தலைகளும் அவற்றுக்கு அப்பால் வெளுத்த சதுப்பும் தெரியும். மனைவியைத் தேடி வந்த ஒருவர் இப்படி வெறும் கடலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அந்த மேட்டில் நின்று கேட்கும்போது, பலமுறை கேட்ட கதை வேறு விதமாகக் காதில் விழும். நடக்க இயலாத முதியோரை வனத்துறையின் அனுமதியோடு வண்டியில் இதுவரை அழைத்து வரலாம். இதே காட்டுக்குள் நவகோடி சித்தர் ஆலயமும், அவுலியாக்கனி தர்காவும் உள்ளன. தத்தம் திருநாள்களில் அந்தந்த அன்பர்கள் இந்தக் காட்டு வழியே நடந்து வருகிறார்கள்.

காட்டில் ஆங்காங்கே முறிந்த அடிமரங்களும், வேரோடு சாய்ந்து கிடந்து அப்படியே மீண்டும் துளிர்த்த மரங்களும் கண்ணில் படும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் விட்டுச் சென்ற தடயங்கள் அவை. அன்று இப்பகுதியில் தென்னந்தோப்புகள் அழிந்தன, வீடுகள் சரிந்தன, உப்பளங்கள் மூழ்கின. காட்டில் வெளிமான்களும் குதிரைகளும் மாண்டன. எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன. நின்றவையும் இலையுதிர்ந்து எரிந்தவை போல நின்றன. அதன் பிறகு வேரிலிருந்தும் விதையிலிருந்தும் காடு தானே எழுந்துகொண்டிருக்கிறது. ஒரு சிரமம் என்னவெனில், பாலை மரம் மெல்ல வளர்வது. சீமைக் கருவேலம் விரைந்து வளர்வது. விழுந்த மரத்தின் இடத்தை யார் முதலில் பிடிப்பது என்ற போட்டியில் அந்நியச் செடியே முந்திக்கொள்கிறது. அதை வேரோடு பிடுங்கும் பணி ஆண்டுதோறும் செய்ய வேண்டியதாயிருக்கிறது. பிள்ளைகள் கையில் ஒரு சீமைக் கருவேலங் காயைக் கொடுத்து, இதன் விதை செருப்பிலும் பையிலும் ஒட்டி எங்கும் போய்விடக் கூடாது என்று சொல்லி, அங்கேயே அதை விட்டுவிடச் செய்யலாம்.

பூநாரையும் பெரிய கடலும்

வேதாரண்யத்திலிருந்து வரும் நிலம் கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கோடி என்பதற்கு முனை, வளைவு என்றெல்லாம் பொருள். பெயர் அதனால் வந்தது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. மேற்கே முத்துப்பேட்டை வரை சதுப்பும் உப்பங்கழியும் அலையாத்திக் காடும்.

குளிர்காலத்தில் இந்தச் சதுப்பில் பூநாரைகள் வந்து இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நீரின்மேல் வெள்ளைக் கோடு போட்டது போல் இருக்கும். அவை எழுந்து பறக்கும்போதுதான் இறக்கைகளின் செம்மை தெரியும். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, சேற்று நீரைச் சலித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்பவை அவை. அந்த இரையில் உள்ள நிறமே இறகில் ஏறுகிறது. வட நாடுகளிலிருந்து உள்ளான்களும் ஆலாக்களும் பெருங்கூட்டமாக வருகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, மீண்டும் பறக்கவிட்டு, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று அறிந்து வருகிறார்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலி நேசித்து வந்துபோன இடம் இது. கையோடு ஒரு தொலைநோக்கி கொண்டுவருவது நல்லது. இல்லாவிட்டால் பூநாரை வெறும் வெள்ளைக் கோடாகவே நின்றுவிடும்.

கடற்கரையில் சோழர் காலத்தது என்று வழங்கப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் செங்கல் குவியல் கிடக்கிறது. ஏற்கெனவே சிதைந்து நின்ற அதை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முற்றிலும் வீழ்த்திவிட்டது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் பூங்குழலியின் படகையும், கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தையும், காட்டிலிருந்த புதைகுழியையும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நூலைத் தாத்தா படிக்கக் கேட்ட பிள்ளைகளாயிருந்தால், இந்தக் கரைக்கு வந்ததும் எங்கே பூங்குழலி என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நீராடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தர்ப்பணம் முடித்து, உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் ஒன்று எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. அலை அதை ஏற்றுக்கொள்வதில்லை. மறுநாள் கரையில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. மீனவர் வலையில் சிக்குகிறது. பிதுர்க்கடனுக்கு எள்ளும் நீரும் மனமும் போதும். பிளாஸ்டிக் உறையில் வாங்கிவந்த எள்ளைக் கடலில் விட்டுவிட்டு, உறையை மடியில் கட்டிக்கொண்டு திரும்பும் பெரியவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குழகர் சன்னதியில்

வெயில் தாழ்ந்ததும் திரும்பும் வழியில் கோடியக்காட்டில் இறங்க வேண்டும். கோயில் திறக்கும் நேரத்தைக் காலையில் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். பெரிய கோயில்களைப் போல நாள் முழுதும் திறந்திருக்கும் சன்னதி அல்ல இது.

சுவாமி கோடிக்குழகர், அமிர்தகடேசுவரர் என்றும் பெயர். குழகன் என்றால் இளமையும் அழகும் உடையவன். தேவர்களுக்குரிய அமுதக் குடத்தை வாயு எடுத்துச் சென்றபோது, வழியில் அது இங்கே சிந்தியது என்றும், முருகப்பெருமான் அதைச் சேர்த்து இலிங்கமாக அமைத்து வழிபட்டார் என்றும் தலபுராணம் கூறும். அதனால் இங்குள்ள முருகன் கரத்தில் அமுதக் கலசம் ஏந்தியிருக்கிறார். ஒரு முகமும் ஆறு கரங்களும் கொண்ட இந்தத் திருவுருவத்தின் முன் பிள்ளைகளை நிறுத்தி, கைகளில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணச் சொல்லலாம். அம்பிகை மையார் தடங்கண்ணி. மை தீட்டிய பெரிய கண்களையுடையவள் என்று சுந்தரர் தம் பதிகத்தில் இட்டழைத்த பெயரே திருநாமமாக நிலைத்துவிட்டது. காடுகாள் என்று அவர் குறிப்பிட்ட காட்டுத் தெய்வமும் இங்கே வழிபடப்படுகிறாள்.

பதிகத்தை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழும். அம்பிகை பாகத்திலேயே இருக்கிறாள். காடுகாள் அருகில் இருக்கிறாள். பின் ஏன் தனியே இருக்கிறீர் என்று அவர் வருந்த வேண்டும்? தெய்வத்துக்குத் துணை வேண்டுமா என்று அறிவு கேட்கும். சுந்தரர் அறியாதவர் அல்லர். ஆனால் அவர் தோழர். ஊரில் தனியே இருக்கும் வயதான தந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளை, அவருக்கு அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் பேருந்தில் ஏறக் கால் வராமல் நிற்பதில்லையா? அந்தப் பாசத்துக்கு விளக்கம் கேட்பது முறையன்று. அவர் வருந்திப் பாடினாரேயன்றி, காட்டை அழித்து இங்கே ஊர் எழ வேண்டும் என்று வேண்டவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவருக்குப் பின் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கடந்துவிட்டது. குழகரைச் சுற்றி இன்றும் காடு இருக்கிறது. அவரைத் தனிமையில் விட்டதும், வெளிமானையும் பூநாரையையும் நமக்குக் காத்துத் தந்ததும் அதே காடுதான்.

வீட்டிலிருந்து ஒரு சிறு குப்பியில் நல்லெண்ணெயும், பஞ்சுத்திரியும் கொண்டுவந்திருந்தால் இங்கே பயன்படும். அர்ச்சனைத் தட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் தலமல்ல. பிள்ளைகளில் பாடத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் ஒரு தேவாரம் பாடட்டும். இசை பிசகினாலும் குற்றமில்லை. கூட்டமில்லாத சன்னதியில், யாரும் நகரச் சொல்லாத இடத்தில், விளக்கொளியில் சுவாமியை நின்று நிதானமாகப் பார்ப்பது இந்நாளில் எல்லாத் தலங்களிலும் கிடைக்கும் பேறல்ல.

இருட்டத் தொடங்கியதும் சாலையின் இருபுறமும் காடு நெருங்கி வந்தது போல் தோன்றும். சில வேளைகளில் நரி குறுக்கே ஓடும். வண்டியை மெதுவாகவே ஓட்ட வேண்டும். நடை சாத்தும் மணி ஓய்ந்த பிறகு சற்று நின்று கேட்டால், கோயிலுக்குப் பின்னுள்ள மரங்களிலிருந்து ஆந்தையின் குரல் வரக்கூடும். சுந்தரர் கேட்டுக் கலங்கிய குரல் அது என்று சொன்னதும், அன்றெல்லாம் நடந்து களைத்த பிள்ளை வண்டியில் ஏறாமல் கோயில் பக்கம் திரும்பி, சாமி இப்போது என்ன செய்யும் என்று கேட்கும்.